நாயைத்தான் சொன்னேன்

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. இந்தப் பையை மடியில வச்சுக்கிறேன், உனக்கு இடிக்காது. கோவில்பட்டி வரைக்குமா? நானும் அங்கதான். ஒரு மணி நேரம் ஆகும்ல? எட்டயபுரத்துல வேற பத்து நிமிஷம் போட்டுருவான் இந்த டிரைவரு. சரி, பேசிக்கிட்டே போயிருவோம்.

உங்க வீட்டுல நாய் இருக்கா? இல்லையா? நல்லதாப் போச்சு. இருந்தா அதுக்குப் பரிஞ்சுக்கிட்டு வருவ. நாய் வளக்குறவுக எல்லாம் ஒரே கட்சி. இல்லாதவகிட்டதான் நியாயம் கேக்க முடியும். நான் சொல்றதை முழுசாக் கேளு, கேட்டுட்டு நான் செஞ்சது தப்பான்னு நீயே சொல்லு. தப்புன்னா தப்புன்னு சொல்லிரு, நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டேன்.

எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைக. மூத்தவ சுகந்தி, இளையவ ஹேமா. சுகந்திய கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்தோம். ஏழு வருஷம் இருந்தா. போன சித்திரையில ஒரு நாள் மத்தியானம், நான் மொட்டை மாடியில வடகம் பிழிஞ்சுக்கிட்டு இருக்கேன், ஒரு வாடகைக் காரு வந்து வாசல்ல நிக்குது. இறங்குறா. ஒரு பை, ஒரு நாய். அம்புட்டுதான். சீர் குடுத்த பாத்திரம், கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாத்தையும் அங்கயே போட்டுட்டு நாயைக் கூட்டிட்டு வந்திருக்கா.

"மாப்பிள்ளை வரலையா?"ன்னேன். "வரல"ன்னா. "எப்பத் திரும்பிப் போற?"ன்னேன். "போகலம்மா"ன்னா. அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டாச் சொல்லிருவாளேன்னுதான் கேக்கல. சொல்லிட்டா அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாதுல்ல? முழங்கைக்குக் கீழ ஒரு தழும்பு இருந்துச்சு. இஸ்திரிப் பெட்டி சுட்டிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அவ சின்னதுல இருந்தே சூதானமா வேலை பாக்குறவதான், இருந்தாலும் கை தவறும்ல. மோருல உப்புப் போட்டுக் குடுத்தேன், குடிச்சுட்டுப் படுத்துட்டா. நாய் அவ காலடியில படுத்துக்கிச்சு.

நாய் பேரு பன்னு. ஆமா, டீக்கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குமே, அதேதான். அந்தக் கலர்ல இருக்கும். நல்ல சாதி எல்லாம் கெடையாது, தெருநாய்க் குட்டிதான். அங்க மாடிப்படிக்குக் கீழ கெடந்துச்சாம், எடுத்து வளத்திருக்கா.

வந்து மூணாம் நாள் ஆரம்பிச்சுச்சு தாயி தோண்ட. எங்க வாசலை நீ பாத்ததில்ல. கரிசக் காடு அது, மழை பேஞ்சா கால் முட்டு வரைக்கும் போயிரும். அதுல சரளையும் செம்மண்ணுமா அடிச்சு, திமிசுக் கட்டை போட்டு இறுக்கி, பன்னெண்டு வருஷமா சாணி தெளிச்சுப் பெருக்கிப் பெருக்கி வச்சிருக்கேன். எங்க தெருவுல யாரு வீட்டுல விசேஷம்னாலும், "செல்லக்கனி வாசல்ல கோலம் போட்டா மட்டும் எப்படி எடுப்பா இருக்கு"ன்னு சொல்லுவாக. அந்த வாசல்ல ஒரு அடிக்குக் குழி. குழாயடிக்குப் பக்கத்துல ஒண்ணு, செம்பருத்திக்குக் கீழ ஒண்ணு, கேட்டு ஓரமா ஒண்ணு. காலையில கோலப்பொடியும் கையுமா வந்து நிக்கேன், எனக்கு அழுகையே வந்துருச்சு.

பக்கத்து வீட்டு சொர்ணம் மதினி சொன்னாக, குழியில மிளகாப்பொடியத் தூவுன்னு. தூவினேன். காத்தடிச்சு என் கண்ணுலயே விழுந்துச்சு. அப்புறம் சொட்டு நீலத்தைத் தண்ணியில கலந்து பாட்டில்ல ஊத்தி வைங்கன்னாக. தெருவுல பாத்திருப்பியே, கேட்டுக்கு ரெண்டு பக்கமும் நீலத் தண்ணி வச்சிருப்பாக, நாய் கிட்ட வராதுன்னு. நாலு பாட்டில் வச்சேன். மறுநாள் மூணுதான் இருக்கு. நாலாவதைத் தூக்கிட்டுப் போய் செம்பருத்திக்குக் கீழ புதைச்சு வச்சிருக்கு! எங்க வீட்டுக்காரரு சிரிக்காக. அவுக போஸ்டாபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவுக, எதுக்கும் சிரிப்பாக. எனக்குச் சிரிப்பா வரும்?

கடைசியில வேலிமுள்ளை ஒடிச்சு குழிக்குள்ள போட்டு மண்ணை மூடி வச்சேன். ஆமா, நான்தான். பன்னு வந்து பிராண்டுச்சு, முள்ளு ஏறிருச்சு. மூணு கால்ல நொண்டிக்கிட்டே நேரா அவகிட்ட போயிருச்சு. அவ நடைப்படியில உக்காந்து ஊக்கை வச்சு முள்ளை எடுத்தா. என்னைய ஏறிட்டுப் பாத்தா. எடுத்து, மஞ்சளை எண்ணெயில குழைச்சுப் போட்டு, மிச்ச முள்ளையும் குழியில இருந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் குப்பையில போட்டா. திட்டியிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும்.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. கம்பவுண்டர் காலைப் பாத்துட்டு, "இதை வெளிய நடக்கக் கூட்டிட்டுப் போறீகளா?"ன்னு கேட்டிருக்காரு. இல்லன்னா. "நாள் பூரா ஒரே காம்பவுண்டுக்குள்ள அடைச்சுப் போட்டா வேற என்ன செய்யும்? காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. வெயிலுக்கும் குளுச்சியா மண்ணு கேக்கும், ஒரு மூலையை அதுக்குன்னு விட்டுருங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்காரு.

நல்ல யோசனைதான். ஆனா நீயே சொல்லு, கட்டிக் குடுத்த பிள்ளை காலையும் சாயங்காலமும் தெருவுல நாயைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா நாலு பேரு என்ன கேப்பாக? எப்ப வந்த, எத்தன நாள் லீவு, மாப்பிள்ளை சௌக்கியமா. எங்க தெருவுல கேள்வி கேக்கத்தான் வாசல்ல உக்காருவாக. அப்பதான் ஹேமாவுக்குச் சிவகாசிப் பக்கம் ஒரு இடம் தெகைஞ்சு வருது. அதனால சுகந்திகிட்ட சொன்னேன், "ஹேமா கல்யாணம் முடியிற வரைக்கும் நீ வெளிய தெருவப் போகாத, நாயையும் கூட்டிட்டுப் போகாத"ன்னு. நல்லதுக்குத்தான் சொன்னேன். அவளும் சரின்னுட்டா. அதுல இருந்து நாலு மாசம், வேப்ப மரத்துக்கும் கேட்டுக்கும் நடுவுல அவ நடப்பா, அது பின்னாலயே நடக்கும். கேட்டுக்குப் பக்கத்துல போனதும் ரெண்டும் திரும்பிரும். அப்படியும் தோண்டுறதை விடல அந்த நாய். அதுக்கு என்ன கொழுப்புங்கிறேன்.

நான் திட்டுவேன். இல்லேங்கல. நாயைத்தான் திட்டுவேன். எங்க மாமியாக்காரி இருந்தாகளே, அவுக எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் ஆட்டுக்குட்டிகிட்டதான் சொல்லுவாக. "ஏ ஆடே, விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, இன்னும் படுக்கையா?"ன்னு கேப்பாக. நான் துள்ளி எந்திரிப்பேன். நேராச் சொன்னா சண்டை வந்துரும், பாரு. ஆட்டுகிட்ட சொன்னாச் சண்டைக்கு இடமே இல்ல, கேக்க வேண்டியவுக கேட்டுக்கிட வேண்டியதுதான். ஆனா நான் அப்படி எல்லாம் ஜாடை பேசுறவ இல்ல தாயி. நான் நாயை நாயாத்தான் திட்டினேன். "வந்த இடத்துல அடங்கி ஒடுங்கி இருக்கத் தெரியல"ம்பேன். "போட்ட சோத்தைத் தின்னுட்டுப் போட்ட வீட்டையே தோண்டுறியே"ம்பேன். அடுப்படியில அவ வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருப்பா, கத்தி சத்தம் ஒரு நிமிஷம் நிக்கும், அப்புறம் திரும்பக் கேக்கும். அவ ஏன் நிறுத்தணும்? நான் நாயைத்தானே சொல்றேன்?

தோண்டுறதை நிறுத்துனது யாருங்கிற? சுகந்திதான். எதுத்த வீட்டுல மாடி எடுத்தாக, மிச்ச மணல் கெடந்துச்சு. அவுக அப்பாவை விட்டுக் கேட்டு வாங்கி, குளிக்கிற ரூமுக்குப் பின்னால கொட்டி, சுத்தி நாலு செங்கல்லு வச்சா. கருவாட்டுத் துண்டை அந்த மணல்ல புதைச்சு வைப்பா. பன்னு வாசல்ல பிராண்ட ஆரம்பிச்சா அடிக்க மாட்டா, கத்த மாட்டா. பக்கத்துல போய் உக்காந்து, "இங்க இல்லடா, வா"ன்னு கூட்டிட்டுப் போய் மணல்ல விட்டுருவா. ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. பத்து நாள்ல அது வாசலை விட்டுருச்சு. குளிச்சு முடிச்ச தண்ணி அந்தப் பக்கம் போகும், மணலு குளுகுளுன்னு இருக்கும், அதுல ஒரு பள்ளத்தைத் தோண்டி நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்துக்கிடும். எனக்கு வாசல் பழையபடி கிடைச்சுருச்சு. "இம்புட்டுப் பொறுமையை வாழ்ற இடத்துல காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்"னு சொன்னேன். பன்னுகிட்டதான். பக்கத்துல அதுதான் நின்னுச்சு.

ஆவணியில ஹேமா கல்யாணம். சம்பந்தியம்மா ரெண்டு தடவை கேட்டுட்டாக, மூத்த பொண்ணு இங்கயே இருக்காளேன்னு. லீவுக்கு வந்திருக்கான்னு சொன்னேன். சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் என்ன லீவுன்னு அவுக கேக்கல, நல்ல மனுஷி.

பந்தக்கால் நடுற அன்னைக்கு அஞ்சு சுமங்கலி வேணும். உனக்குத் தெரியும்ல, குழி தோண்டி, பாலு ஊத்தி, நவதானியம் போட்டு, மஞ்சக் குங்குமம் வச்ச கம்பை அஞ்சு பேரு கை வச்சு நடணும். நான், சொர்ணம் மதினி, எங்க கொழுந்தன் பெஞ்சாதி, நாத்தனா. நாலு பேரு ஆச்சு. சுகந்தி ஹேமாவோட பட்டுச் சேலையை வாங்கிக் கட்டி, தலை நெறையப் பூ வச்சு, பால் சொம்போட வந்து நின்னா. நாலு மாசத்துல அன்னைக்குத்தான் அவ முகத்துல ஒரு களை. கழுத்துல தாலி கெடக்கு, இல்லேங்கல. ஆனா அவ வாழ்க்கை நின்னு போயிக் கெடக்கு, அந்தக் கை பட்டு ஹேமாவுக்கு ஒண்ணு ஆகிப் போச்சுன்னா? பெத்தவ நான் ரெண்டு பேரையும்ல பாக்கணும்.

நான் அவளை வரக் கூடாதுன்னு சொல்லவே இல்ல. என் நாக்கு அழுகிப் போகும், அப்படி ஒரு வார்த்தை சொல்லல. "பன்னு குறுக்க வந்து விழுந்துரும், அதைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னறையில இரு தாயி"ன்னுதான் சொன்னேன். அவ சொம்பை என் கையில குடுத்தா. நாயைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. மாடியில குடியிருக்கிற பொண்ணை, பேரு கூட எனக்குச் சரியாத் தெரியாது, அதைக் கூப்பிட்டு அஞ்சாவது கையா வைக்கச் சொன்னேன். பின்னறையில ஜன்னல் உண்டு. வாசல் தெரியும்.

அன்னைக்குப் பந்தல்காரன் வந்து, டின்னுல கம்பு நிறுத்த மணல் வேணும்னான். பின்னால கெடக்கு, அள்ளிக்கோன்னுட்டேன். கல்யாண வீட்டுல நாய் மணலையா பாக்க முடியும்?

மறுநாள் காலையில ஜாக்கெட் அளவு வாங்க சம்பந்தியம்மாவும் அவுக தங்கச்சியும் வந்து கேட்டைத் திறக்காக. நான் சிரிச்சுக்கிட்டே எதுக்கப் போறேன். பந்தக்கால் சாய்ஞ்சு கெடக்கு. மாவிலை தரையில. நவதானியம் பூரா இறைஞ்சு கெடக்கு. குழிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு மண்ணை வாரி வாரி இறைக்குது பன்னு. பால் ஊத்துன ஈர மண்ணு, அது இருந்த மணலையும் அள்ளிட்டாக, நாய் எங்க போகும்னு எங்க வீட்டுக்காரரு பின்னால சொன்னாக. பின்னால யாரும் சொல்லலாம். சம்பந்தியம்மா நெஞ்சுல கை வச்சுக்கிட்டு நிக்காக. அந்த நேரத்துல எனக்குக் கண்ணு மண்ணு தெரியல தாயி.

"சீ நாயே! போன இடத்துல பொழைக்கத் தெரியாம இங்க வந்து விழுந்தே! பொழைக்கப் போறவளையும் கெடுக்காமப் போக மாட்டியா? நீ போய்த் தொலைஞ்சாத்தான் இந்த வீடு வெளங்கும்!"

தெருவே கேட்டுச்சு. நாயைத்தான் சொன்னேன். வெளக்கமாத்தைக் கூட நாய் மேலதான் எறிஞ்சேன்.

சுகந்தி வெளிய வந்தா. பன்னுவைக் கழுத்துப் பட்டையில பிடிச்சு வேப்ப மரத்துல கட்டினா. குழிகிட்ட மண்டி போட்டு உக்காந்து, கம்பை ஒரு கையால நிமித்தி, இன்னொரு கையால மண்ணைத் தள்ளினா. எந்திரிச்சுச் சுத்திச் சுத்தி மிதிச்சா. மாவிலையை எடுத்துத் திரும்பக் கட்டினா. எனக்கு உசுரே போகுது, அவ கை பட்டுருச்சேன்னு. சம்பந்தியம்மா பாக்காகளேன்னு. அப்புறம் உள்ள போய், வந்தப்ப கொண்டாந்தாளே அந்தப் பை, அதைத் தோள்ல போட்டுக்கிட்டு, நாயை அவுத்துக்கிட்டு, சம்பந்தியம்மாவைப் பாத்து "வாங்க அத்தை, உள்ள போய் உக்காருங்க"ன்னு சொல்லிட்டு, கேட்டைத் திறந்து போயிட்டா. நாலு மாசத்துல அன்னைக்குத்தான் நாயைக் கூட்டிட்டு அந்தத் தெருவுல நடந்தா. சாயங்காலம் வந்துருவான்னுதான் நெனச்சேன். கோவத்துல ஒரு நடை போயிட்டு வருவான்னு.

கல்யாணம் நல்லாத்தான் நடந்துச்சு. ஹேமா நல்லா இருக்கா. அந்தப் பந்தக்கால் அசையவே இல்ல, அவ மிதிச்ச மிதி அப்படி. மண்டபத்துல எல்லாரும் கேட்டாக, சுகந்தி எங்க, சுகந்தி எங்கன்னு. "நாயைப் பாத்துக்கிட ஆள் இல்ல, அதான் வீட்டுல இருக்கா"ன்னு சொன்னேன். எத்தன பேருகிட்ட சொன்னேன்னு எனக்கே தெரியாது. ஹேமா தாலி ஏறுறப்ப திரும்பித் திரும்பி வாசலைப் பாத்தா. போட்டோவுல கூட அப்படித்தான் விழுந்திருக்கா.

அப்புறம் மூணு மாசம். போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறா. எங்க வீட்டுக்காரரு சனிக்கிழமை சனிக்கிழமை வெளிய போவாக. கோயிலுக்குன்னு நெனச்சேன். போன வாரம் சட்டையில நாய் முடி ஒட்டியிருக்கு. உக்கார வச்சுக் கேட்டேன். அப்பதான் சொன்னாக, விளாத்திகுளத்துல ஒரு மருந்துக் கடையில வேலை பாக்கா, ஓட்டு வீடு ஒண்ணு பிடிச்சு இருக்கான்னு. எனக்கு மட்டும் தெரியல. பெத்தவளுக்கு மட்டும் சொல்லக் கூடாதாம். எப்படி இருக்கும் எனக்கு?

அங்க போயிட்டுத்தான் வர்றேன். அதிரசம் சுட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். கதவைத் திறந்தா. "வாங்க"ன்னா. வாம்மா இல்ல, வாங்க. பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டா, முந்தானையால துடைச்சு விட்டா. பன்னு என்னடான்னா, ஓடியாந்து என் சேலையைப் பிடிச்சு இழுக்குது, காலை நக்குது, உருண்டு பெரளுது. வெளக்கமாத்தை எறிஞ்சவ நான். அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.

வீட்டுக்கு முன்னால கொஞ்சம் இடம் இருக்கு. பூராம் குழி தாயி. ஒரு இடம் பாக்கி இல்ல. அவ அதுக்கு ஊடாலதான் துணி காயப் போட்டிருக்கா, தாண்டித் தாண்டி நடக்கா. நல்லாத் தேறியிருக்கா. முகம் தெளிஞ்சிருக்கு. காப்பி குடுத்தா. நான் கையில டம்ளரை வச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். அவளை வீட்டுக்குக் கூப்பிடத்தான் போனேன். பஸ்ஸு பூரா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் போனேன். கடைசியில பன்னு தலையைத் தடவிக்கிட்டே, "என்னடா, நம்ம வீட்டுக்கு வர்றியா? புதுசா மணல் கொட்டி வச்சிருக்கேன். நீ இல்லாம வீடு வீடாவே இல்லடா"ன்னு சொன்னேன்.

அவ அடுப்பை அணைச்சா. எதுக்க வந்து தரையில உக்காந்தா. "அம்மா, நாய்கிட்ட சொன்னதை என்கிட்டச் சொல்லும்மா"ன்னா.

கோவமாச் சொல்லல. கெஞ்சுற மாதிரிதான் கேட்டா. ஒரே ஒரு வார்த்தைதான? "வா"ன்னு சொன்னா முடிஞ்சு போச்சு. எங்கம்மா என்கிட்ட அப்படிப் பேசினதில்ல, எங்க மாமியா பேசினதில்ல, எப்படி ஆரம்பிக்கணும்னே எனக்குத் தெரியல. அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. நான் சொன்னேன், "தோண்டாம இருக்கும்னா கூட்டிட்டு வா"ன்னு.

அவ பன்னுவோட காதைத் தடவி விட்டா. அப்புறம், "அது தோண்டத்தாம்மா செய்யும்"னு சொல்லிட்டு எந்திரிச்சு டம்ளரை வாங்கிட்டுப் போயிட்டா.

பஸ்ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டா. பன்னுவும் வந்துச்சு. தெருவுல நாலு பேரு அவகிட்ட பேசினாக, நாய்கிட்ட பேசினாக, யாரும் ஒண்ணும் கேக்கல. கண்டக்டர்கிட்ட "அம்மாவைப் பாத்து இறக்கி விடுங்கண்ணே"ன்னு சொன்னா. நான் மொதல்ல முன்னால சீட்டுல உக்காந்திருந்தேன், வெயில் அடிக்குதுன்னுதான் இப்ப இங்க வந்தேன். வண்டி எடுத்துட்டான். அவ திரும்பி நடக்க ஆரம்பிச்சா. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தேன். சுகந்தின்னு கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். சாமி சத்தியமா அந்தப் பேருதான் தொண்டை வரைக்கும் வந்துச்சு. வெளிய "பன்னு!"ன்னு வந்துச்சு.

நாய் திரும்பிப் பாத்துச்சு தாயி. வாலை ஆட்டுச்சு. அவ திரும்பல. திரும்பியிருந்தாச் சொல்லியிருப்பேன்.